ரூம் டெம்பரேச்சர்

அன்றைக்குக் காலையில் நான் கையெழுத்துப் போட்ட ரிப்போட் பிழை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கிறாள் என்று யாரும் பேசவேண்டாம்.

நுவரெலியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லெப், இரத்தமும் சளியும் சோதிக்கிற இடம்; அங்கே டெஸ்ட் போடுகிறவள் நான். ஜனவரி மாதம், கை விறைக்கிற குளிர். கந்தப்பளைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வராணி ஏழு மாத வயிற்றோடு காய்ச்சலில் வந்திருந்தாள். கூடவே புருஷன் முருகையா. கர்ப்பிணிக்கு இன்ஃபுளுவென்சா என்றால் விளையாட்டில்லை, மருந்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். டொக்டர் ரெபிட் டெஸ்ட் கேட்டார், மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்து உடனே பார்ப்பது.

அந்த டெஸ்ட் பட்டையில் இருப்பது மோனோகுளோனல் ஆன்டிபாடி, ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்புப் புரதம். கண்டதையும் பிடிக்காது, தன் வைரஸின் புரதத்தை மட்டும் பிடித்துக் கோடு காட்டும். கிட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும் என்று அரை மணி நேரம் மேசையில் வைத்தேன். பிறகு டெஸ்ட் போட்டேன். டெஸ்ட் வேலை செய்கிறது என்று காட்டும் கொன்ட்ரோல் கோடு மட்டும் மங்கலாக வந்தது, வைரஸ் கோடு வரவில்லை. 'நெகட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தேன். டொக்டர் காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்புறம் என் தேத்தண்ணியை எடுத்தால், ஊற்றிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, பச்சைத்தண்ணி! கிட்டோடு வரும் தாளில் ரூம் டெம்பரேச்சர் என்றால் பதினைந்து டிகிரிக்கு மேல்; அதற்குக் கீழே ஆன்டிபாடி சரியாகப் பிடிக்காது, வைரஸ் இருந்தாலும் கோடு வராமல் போகலாம். தெர்மாமீட்டரைப் பார்த்தேன், பதினொன்று. அடியே, உன் ரூமே ஃபிரிட்ஜ்டி!

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்கிற ஹோல்டுக்கு ஓடினேன். இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

"இல்லன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?" முருகையாவுக்குக் கோபம். "அவளால நிக்கவே முடியல. மறுபடியும் மூக்குல குச்சியா?"

"என் பிழைதான் தம்பி. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, ஆனா இறங்குங்க."

ஹீட்டர் இருந்த டொக்டர் அறையில் புதுக் கிட்டை வைத்து, தெர்மாமீட்டர் இருபதைத் தாண்டும்வரை காத்திருந்தேன். புதிதாகச் சளி எடுத்துப் போட்டேன். இரண்டு கோடும் பளிச்சென்று வந்தன.

"இத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு!" என்றார் டொக்டர்.

"ஆமா டொக்டர். அதான் வெட்கமா இருக்கு."

அப்போதே வார்ட்டில் சேர்த்து மருந்தைத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் செல்வராணி நடந்து வீட்டுக்குப் போனாள்.

மூன்று மாதம் கழித்து, கைப்பிள்ளையோடு லெப் கதவில் எட்டிப் பார்த்தாள். "மிஸ், இன்னிக்கு உங்க ரூமுக்கு எத்தன டிகிரி?"

"பதினெட்டுடி, உள்ள வா."

கிட் செய்தவர்களுக்கு எங்கள் குளிர் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு, சுவர்த் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் ஒருத்தருக்கும் 'நெகட்டிவ்' எழுதியதில்லை.