அலமாரிக்குள் முழங்கிய கித்தார்

அப்பாவும் அம்மாவும் காலமான பின், மலேசியாவின் அலோர் ஸ்டார் நகரில் அவர்கள் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். "கழுத்தே வளைஞ்சிருச்சுண்ணே, தூக்கிப் போட்டுடலாம்லா," என்றான் தம்பி சேவியர். அவன் கையில் அப்பாவின் மின்சார பேஸ் கித்தார். தடித்த கம்பியை இழுத்துவிட்டேன். மெல்லிய முனகல்தான் எழுந்தது. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அது ஊமைதான்.

நாங்கள் வளர்ந்த சிடாம் கிரி ரப்பர் தோட்டத்து வீட்டிலும் ஸ்பீக்கர் கிடையாது. கல்யாண விருந்துகளுக்கு அப்பா சேர்ந்து வாசித்த பேண்டிடம்தான் இருந்தது. வீட்டில் பழகுவதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். பால்மரம் வெட்டிவிட்டு வந்து குளித்ததும், கித்தாரின் தலையைப் பலகை அலமாரியில் அழுத்திக்கொண்டு வாசிப்பார். அலமாரி முழுக்க முழங்கும். மேலே அடுக்கிய பீங்கான் கோப்பைகள் கிலுகிலுக்கும்.

"ஏங்க, கோப்பை வுழுந்துரப் போவுது!" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்துவார்.

நானும் தம்பியும் அலமாரிக் கதவில் காதை வைத்து நிற்போம். பூச்சியுருண்டை வாசனைக்கு நடுவே அந்த ஒலி பற்களில் அதிரும்.

அதே அலமாரி இப்போது லாரிக்காக வாசலருகே நின்றது. கித்தாரின் தலையை அதில் அழுத்திக் கம்பியை மறுபடி இழுத்தேன். பலகை முழங்கியது. திரும்பிப் பார்த்தால், ஐம்பதைத் தாண்டிய தம்பி கதவில் காதை வைத்து நின்றிருந்தான்.

"நிறுத்தாதண்ணே," என்றான்.