பீம்ராவ் தங்கிவிட்ட இரண்டு நாள்

புளியந்தோப்பில் ஆடு வெட்டும் ஆட்டுத்தொட்டிக்குப் பின்னால் பிறந்த பீம்ராவ், இருபத்திரண்டு வயதில் வெளியுறவுத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து வைஸ் கான்சல் வரை உயர்ந்தவர். முப்பத்தெட்டு வருடம், ஆறு நாடுகள். கோட்டு மாட்டிக்கொண்டு விருந்துகளில் நின்றதும் உண்டு. ஆனால் அவர் மேஜைக்கு அதிகம் வந்தவை சாவுகள்தான். வளைகுடாவில் இறந்துபோகும் கூலிக்காரர்களை ஊருக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. முதலாளியின் கையெழுத்து, போலீஸ் கடிதம், விமானத்தில் இடம் என்று நாயாக அலைவார்.

1987 மே மாதம் அங்கே ஒரு தொழிலாளர் முகாம் எரிந்தது. செத்தவர்களில் ஒன்பது பேர் தமிழர்கள். அவர்களுடைய வீட்டுக் கடிதங்களைப் படித்து, யார் எவர் என்று சொல்ல தூதரகத்தில் இவரை விட்டால் ஆள் இல்லை. அந்த நேரத்தில்தான் தந்தி வந்தது. மகளின் படிப்புக்காகப் புளியந்தோப்பிலேயே இருந்த மனைவி யசோதரா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

மேலதிகாரி உடனே கிளம்பச் சொன்னார். இவர்தான் இரண்டு நாள் கேட்டார். ஒன்பது பெட்டிகளையும் ஏற்றிவிட்டு வந்து சேர்ந்தபோது, வெயிலுக்குப் பயந்து யசோதராவை அடக்கம் செய்திருந்தார்கள். பன்னிரண்டு வயது ரமாபாய் அப்பாவைக் கண்டதும் சித்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். பத்தாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பினார்.

ரமாபாய் இப்போது எண்ணூரில் சத்துணவு அமைப்பாளர். எம்.கே.பி. நகரில் தனியாக இருக்கும் அப்பாவை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். அம்மாவின் சாவைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்க மாட்டாள். போன தை மாதம் வேறொரு சாவோடு வந்தாள்.

"எங்க சமையல்கார நீலாக்கா புருசன், நைனா. நெட்டுக்குப்பம். மீன்பிடி போட்டுல வேலைக்குன்னு வளைகுடா பக்கம் போய் அங்கயே செத்துட்டாரு. பத்தொம்போது நாளா பொணம் ஐஸ்ல கீது. உன்ன வுட்டா யாராண்ட போறது?"

எழுபத்தேழு வயதில் பீம்ராவ் மறுபடி உட்கார்ந்து மனு எழுதினார். தூதரகத்துக்கு நாள் தவறாமல் போன் போட்டார். பன்னிரண்டாம் நாள் நீலாவின் புருஷன் திருமுருகன் பெட்டியில் வந்து சேர்ந்தான். நெட்டுக்குப்பத்தில் பெட்டியைத் திறந்தார்கள். நீலா அவன் கன்னத்தில் கையை வைத்து, "வந்துட்டியா," என்றாள். அதற்குமேல் பீம்ராவால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ரமாபாய் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திருவொற்றியூர் தாண்டியதும் சொன்னாள்:

"அம்மா மூஞ்சி கடைசியா எப்டி இருந்துச்சுன்னு நீ ஒரு தபா கூட கேக்கல நைனா."

 பீம்ராவ் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். "எப்டிம்மா இருந்துச்சு?"

"அப்ப கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள். "இப்ப எனுக்கே மறந்து போச்சு."

ராயபுரத்தில் மேலும் இரண்டு பேர் ஏறினார்கள். அப்பாவும் மகளும் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.