தமுக்கில் 'இல்லை' என்று சொல்லச் சொன்னவர்

அருளப்பன் போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னவர் தமுக்குக்காரர் கோவிந்தன். ஊருக்கே கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை அவருடையது. சர்க்கார் உத்தரவு எதுவானாலும் தெருமுனையில் நின்று தமுக்கடித்து அவர் சொன்னால்தான் புதுச்சேரியில் அது உத்தரவு. சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தமுக்கு இல்லாமல் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"உப்பளத்து முசியே பூட்டாருங்க" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'முசியே' என்ற பட்டம் எங்கள் ஊரில் பல ஐயாக்களுக்கு உண்டு. "எந்த முசியே?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். கோவிந்தனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்; துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அருளப்பனை நேரில் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இளமையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்தவர். விறைத்துப்போன ஒரு முழங்காலோடும் பென்ஷனோடும் ஊர் திரும்பியவர். நம் ஊர் வழக்கப்படி சொன்னால் சொல்தா, பிரெஞ்சுச் சிப்பாய். பிரெஞ்சுக்கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு உப்பளம் பேட்டைக்காரர்கள் ஓட்டுப் போட்டு அவரைப் பிரதிநிதி சபைக்கு அனுப்பினார்கள். நான் அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்த வக்கீல். நாங்கள் நண்பர்கள் அல்ல. ஒருவர் இறந்ததும் எல்லோரும் அவருக்கு நண்பர்களாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். கடைசி வரையில் அவரோடு சண்டை போட்டவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சண்டை அஞ்சலையிடமிருந்து தொடங்கியது. தெற்கே கடலோரக் கிராமத்திலிருந்து கூடை சுமந்து வந்து உப்பளத்துத் தெருக்களில் மீன் விற்கிறவர் அஞ்சலை. கொடி மாறிய மறு வருடம் அவருடைய கணவரை வெறிநாய் ஒன்று கன்னத்தில் கடித்துவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்து வந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை; அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. வயிற்றில் போடுகிற நாய்க்கடி ஊசி அப்போது கையிருப்பில் இல்லை. பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்த மருந்து நின்றுவிட்டது. சென்னையிலிருந்து வரவேண்டியது இன்னும் வந்து சேரவில்லை. கையிருப்பைப் பற்றி வெளியாரிடம் பேசக்கூடாது என்ற பழைய விதி மட்டும் எங்கும் போகாமல் அப்படியே இருந்தது. ஆகவே, "நாளைக்கு வாம்மா" என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அந்த அம்மாளும் கணவரைக் கூட்டிக்கொண்டு நடையாய் நடந்தார். ஊசி வந்தபோது அந்த மனிதருக்குத் தண்ணீரைக் கண்டால் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்திருந்தது.

முழங்காலுக்குக் கட்டுப்போட அங்கே போயிருந்த அருளப்பன், வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அஞ்சலையைப் பார்த்திருக்கிறார். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கடலூருக்கு இட்டுகினு போயிருப்பனே முசியே. பஸ்ஸு எனக்குத் தெரியாதா? எல்லையில சுங்கச் சாவடிகூட இப்ப இல்லியே" என்று அஞ்சலை அழுதிருக்கிறார். கடலூர் ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இருந்தது. அதுதான் அருளப்பனைத் தூங்கவிடாமல் செய்தது. மருந்து இல்லாமல் போனதை அவர் பொறுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்லாமல் விட்டதை அவரால் பொறுக்கவே முடியவில்லை.

அதே சமயத்தில்தான் எங்கள் தரப்பு ஒரு சுகாதாரத் திட்டத்தைச் சபையில் வைத்தது. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். இன்றும் அது நல்ல திட்டம் என்றே சொல்வேன். பிரெஞ்சுக்கார் காலத்து மருந்தகங்களைச் சீராக்குவது, கிராமங்களுக்கு மருத்துவச்சிகளை அனுப்புவது, மருந்து தருவிப்பதைச் சென்னையோடு இணைப்பது என்று விரிவாகத் தயாரித்திருந்தோம். நான் பிரெஞ்சில் நீண்ட நேரம் பேசினேன். சபை நடவடிக்கை அப்போது பிரெஞ்சில்தான். நான் உட்கார்ந்ததும் அருளப்பன் எழுந்து, தமிழில், "திட்டம் நல்லாத்தான் இருக்குது வக்கீலய்யா. மருந்து இல்லாத அன்னிக்கு இல்லன்னு சொல்றதுக்கு இதுல யாருன்னா இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

அடுத்து அவர் வைத்த திருத்தம் சபையையே சிரிக்க வைத்தது. வரி கட்டச் சொல்லவும் சந்தையை மாற்றவும் சர்க்கார் தமுக்கடிக்கிறது அல்லவா? அதே போல் ஆஸ்பத்திரியில் எந்த முக்கிய மருந்து தீர்ந்தாலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். இதுதான் திருத்தம். யாரோ பெஞ்சில் தாளம் போட்டுக் காட்டினார்கள். அருளப்பன் சிரிப்பு அடங்கும் வரை நின்றார். பிறகு சைகோன் பட்டாள விடுதியைப் பற்றிச் சொன்னார். அங்கே ரொட்டி தீர்ந்துபோனால் கொம்பு ஊதிவிடுவார்களாம். "பசியோட வரிசையில நிக்கறதவிட பசியோட படுத்துக்கறது மேலுங்க. மனுசன் வேற வழியாவது பார்ப்பான்" என்றார்.

நான் எதிர்த்தேன். என் காரணங்களை இன்றும் நான் கீழே போட்டுவிடவில்லை. இந்தியாவோடு இணைப்பே வேண்டாம், பிரான்சே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அப்போது ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். நம்முடைய சர்க்காரின் ஆஸ்பத்திரி காலி என்று நாமே தெருத்தெருவாகப் பறைசாற்றினால் அவர்கள் சும்மா இருப்பார்களா? 'வெள்ளைக்காரன் இருந்தவரை மருந்து இருந்தது' என்று மறுநாளே ஆரம்பித்துவிட மாட்டார்களா? அதோடு விடாமல், "இது உறுப்பினர் பேசவில்லை, அவருடைய பிரெஞ்சுப் பென்ஷன் பேசுகிறது" என்றும் சொன்னேன்.

அருளப்பனுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். அன்று சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "பிரான்சு காலத்திலயும் மருந்து தீர்ந்துதான் போச்சு. அவன் நம்மகிட்ட சொல்லல. சொல்லணும்னு அவனுக்குத் தோணல. இப்ப நாம சொன்னாத்தான் இது நம்ம சர்க்காருன்னு ஜனங்களுக்குத் தெரியும்" என்றார்.

அன்று பார்வையாளர் வரிசையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். அருளப்பன்தான் அழைத்து வந்திருந்தார். நான் பிரெஞ்சில் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லும்படி அவர் கேட்டார். "அந்த அம்மாவுக்கும் புரியட்டுமே" என்றார். நான் பின்வாங்குகிற ஆள் இல்லை. எழுந்து, "ஆஸ்பத்திரியின் கையிருப்பைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் கடமை நிர்வாகத்துக்குக் கிடையாது" என்று தமிழில் சொன்னேன். பிரெஞ்சில் அது மிகக் கண்ணியமாக ஒலித்திருந்தது. பார்வையாளர்கள் பேசக்கூடாது என்பது அஞ்சலைக்குத் தெரியாது. "அப்ப நாங்க நடந்து நடந்துதான் தெரிஞ்சுக்கணுமாங்க?" என்று என்னைப் பார்த்தே கேட்டுவிட்டார். சபைத் தலைவர் அவரை வெளியேறச் சொன்னார். அருளப்பனும் காலை இழுத்துக்கொண்டு கூடவே வெளியே போய்விட்டார். தன் திருத்தத்துக்கே ஓட்டுப் போட அவர் சபையில் இல்லை, அது தோற்றது.

தோற்றால் என்ன? அடுத்த கூட்டத்தில் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கடுத்த கூட்டத்திலும் கொண்டுவந்தார். "முசியே தமுக்கு" என்று பட்டப்பெயரே வைத்தோம். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். கடைசியில் அவருடைய தொல்லை தாங்காமல், பரீட்சார்த்தமாகச் சிறிது காலம் செய்து பார்க்கலாம் என்று சபை இறங்கி வந்தது. நான் அப்போதும் எதிராகத்தான் கை தூக்கினேன்.

முதல் தமுக்கே கூத்தாகிவிட்டது. கோவிந்தன் உப்பளத்தில் நின்று அடித்துவிட்டு நாய்க்கடி மருந்தைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் நம் ஜனங்களுக்குத் தமுக்கில் நாய் என்று வந்தால் ஒரே அர்த்தம்தான்: மேரி என்கிற நகரசபையின் ஆட்கள் நாய் பிடிக்க வருகிறார்கள், கட்டிப்போடாத நாயைக் கொன்றுவிடுவார்கள். பழைய நாளிலிருந்து அப்படித்தான். முழுவதும் யார் கேட்டார்கள்? தெருவில் இருந்த நாயையெல்லாம் வாரி எடுத்து வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பல நாள் உப்பளத்தில் ஒரு நாய்கூடக் கண்ணில் படவில்லை. நான் விடுவேனா? சபையில் எழுந்து இதைச் சொல்லிக் கேலி செய்தேன். அருளப்பன் நிதானமாக எழுந்தார். "நாயெல்லாம் வூட்டுக்குள்ள இருந்தா யாரையும் கடிக்காது, ஊசியும் வேணாம். உங்க திட்டத்துல இதையும் சேத்துக்குங்க வக்கீலய்யா" என்றார். அன்று நானும் சிரித்தேன். அதன் பிறகு, "ஆஸ்பத்திரி சேதி, ஆஸ்பத்திரி சேதி" என்று முதலில் கூவிவிட்டுத் தமுக்கடிப்பது என்று ஏற்பாடாயிற்று.

நான் பயந்ததும் நடக்காமல் இல்லை. பிரான்சுக் கட்சிக்காரர்கள் கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல் ஆடினார்கள். ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஊரெல்லாம் தமுக்கு வந்துவிடுமே என்ற பயத்திலேயே ஆஸ்பத்திரிக்காரர்கள் மருந்து தீரும் முன்பே தருவிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் திட்டத்தின் எத்தனையோ பக்கங்களால் முடியாத காரியம் அது. தமுக்குச் சத்தம் வரவர அரிதாகியது. 'பரீட்சார்த்தம்' என்ற சொல்லை எல்லோரும் மறந்துபோனார்கள்.

போன மாதம் அவர் படுத்த படுக்கையானார் என்று கேள்விப்பட்டு அவரைப் பார்க்கப் போனேன். நுரையீரலில் கட்டி. கட்டிலில் சாய்ந்தபடி டாக்டரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இளம் டாக்டர், பார்க்கலாம், புது மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன, தைரியமாக இருங்கள் என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். அருளப்பன் கை காட்டி நிறுத்தினார். "முசியே தொக்தேர், எனக்கு மருந்து இருக்குதா, இல்லியா?" அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தார், அருளப்பனின் மனைவி மதலேனம்மாளைப் பார்த்தார். பிறகு, "இல்லை" என்றார்.

"மெர்சி" என்று நன்றி சொன்னார் அருளப்பன். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மனைவியிடம், சென்னையில் இருக்கும் மகளை உடனே வரச்சொல்லும்படி கூறினார். மகள் வந்து சேர்ந்து, அவரோடு சில வாரங்கள் இருக்க முடிந்தது. பார்க்கலாம் என்பதோடு டாக்டர் நிறுத்தியிருந்தால் அவளும் நாளைக்குப் போகலாம் என்று இருந்திருப்பாள். திரும்பி வரும் வழியில் கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. எதிர்க்கட்சிக்காரனுக்காக அழுவது வழக்கமில்லை, வந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். தேறாத வழக்கோடு வருகிற கட்சிக்காரர்களிடம் 'பார்க்கலாம்' என்று சொல்வதை விட்டுவிட்டேன். இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

அடக்கத்தன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். கோயில் மணி அடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தோம். உப்பளத்துத் தெருமுனை திரும்பியதும் எதிரே கோவிந்தன் நின்றிருந்தார், கழுத்தில் தமுக்கு. அன்று காலைதான் நாய்க்கடி ஊசி தீர்ந்துபோயிருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த தமுக்கு. பெட்டியைப் பார்த்ததும் குச்சியைக் கீழே இறக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். ஊர்வலம் கடந்து போகட்டும் என்று தலையைக் குனிந்து நின்றார்.

மதலேனம்மாள் நின்றுவிட்டார். அவர் நின்றதும் பெட்டி நின்றது. நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"ஏம்ப்பா நிறுத்திட்ட? அடி" என்றார். "இதுக்குத்தானே அந்த மனுசன் தொண்டை கிழியக் கத்தினாரு. அடிப்பா."

கோவிந்தன் அடித்தார். ஆஸ்பத்திரி சேதி, ஆஸ்பத்திரி சேதி என்று கூவினார். சொல்ல வேண்டியதை முழுவதும் சொன்னார். நாய்க்கடி ஊசி இங்கே இல்லை, கடலூரில் இருக்கிறது, இங்கே வந்ததும் மறுபடி சேதி வரும். கூட்டத்துக்கு அப்பால் வேலியோரம், கையில் துணி சுற்றிய பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கிராமத்துக்காரர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பி வந்திருப்பார் போலிருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்து, "கடலூர் பஸ்ஸு எங்கங்க நிக்கும்?" என்று கேட்டார்.

எங்களோடு நடந்து வந்த அஞ்சலை ஊர்வலத்தைவிட்டு அவரிடம் போனார். "வா, நான் காட்டறேன். வெரசா வா" என்று அவருக்கு முன்னால் நடந்தார்.