பாத்தியாக்காவின் பதிவேடு

"நாலு, சி. ஒன்பது, ஏழு. எஃப், ரெண்டு."

மகள் திரையைப் பார்த்துப் படிக்கப் படிக்க, அம்மா அச்செடுத்த தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். மொத்தம் அறுபத்து நான்கு எழுத்துகள். இணையத்திலிருந்து இறக்கி வைத்த கர்னல், அதாவது சர்வரையே இயக்கும் அடிப்படை மென்பொருள், வழியில் சிதையாமல், யாரும் கைவைக்காமல் வந்து சேர்ந்ததா என்பதற்கான அடையாளம் அது. ஒப்பிட்டுச் சொல்லும்படி கணினியிடமே கேட்டால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மகள் அதைச் சொன்னாள். அம்மா பென்சிலை நிறுத்தவில்லை.

"அதையும் கேட்டாச்சு. சரின்னுதான் சொல்லுது. அது சொல்லிச்சு, நீ பாத்தியா?"

இந்தக் கேள்வியால்தான் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுக்குப் பாத்தியாக்கா என்று பெயர். மேலாளரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமிச் சமாளித்தார். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொண்டவள். இரண்டே சர்வர்கள்: பெரியவள், சின்னவள். நகரத்தில் யார் ஆம்புலன்ஸுக்கு அழைத்தாலும், இருவரில் ஒருத்தி வழியாகத்தான் அந்த அழைப்பு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போய்ச் சேரும். ஒருத்தி படுத்தால் மற்றவள் ஏந்திக்கொள்வாள்.

மகளுக்கும் இதே தொழில்தான், வேறோர் இடத்தில். நானூறு சர்வர்கள். ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. அன்று விடுமுறை, மதியம் வெளியே சாப்பிடப் போகலாம் என்று அழைக்க வந்தவள் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டாள். அம்மா பிடித்து உட்கார வைத்துவிட்டாள். வியாழக்கிழமை, காலை பத்தேகால்.

வியாழன் பதினொரு மணி என்பது அம்மா பிடித்த முயலுக்கு மூன்று கால். புதுப்பிக்கிற வேலையெல்லாம் நள்ளிரவு இரண்டிலிருந்து நான்குக்குள் முடிய வேண்டும் என்று தலைமை அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியது. அம்மா அதைச் சர்வர் அறைக் கதவிலேயே ஒட்டி, அடியில் "பகல் 11" என்று எழுதி வைத்தாள். விளக்கம் கேட்டு வந்த அதிகாரிக்கு நாற்காலி போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ராத்திரி ரெண்டு மணிக்குக் கெட்டுப்போனா யார எழுப்புவீங்க? கடைக்காரன் தூங்குவான், எலக்ட்ரீஷியன் தூங்குவான், நானும் அரைத் தூக்கத்துல இருப்பேன். ஆம்புலன்ஸ் கூப்பிடறவன் மட்டும்தான் முழிச்சிருப்பான்."

அதிகாரி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். சுற்றறிக்கையும் மாறவில்லை, அம்மாவும் மாறவில்லை.

கட்டளையைத் தட்டி முடித்ததும் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். உதடு அசைய ஒருமுறை படிப்பாள். பிறகுதான் என்டர். பக்கத்தில் இருப்பவருக்குக் கை பரபரக்கும். "அது எங்கயும் ஓடிப்போகாதுடி," என்பாள். வட்டில் இடம் போதுமா என்று பார்ப்பாள். புதிய கர்னலைப் பழையதன் மேல் வைக்காமல் பக்கத்தில் வைப்பாள். கோப்புகள் முழு அளவில் வந்து உட்கார்ந்தனவா என்று பார்ப்பாள். அடுத்து, ஒரே ஒரு முறை மட்டும் புதியதோடு எழுந்திரு என்று சர்வருக்குச் சொல்லுவாள். அது மக்கர் செய்தால் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் போதும், தானாகப் பழையதோடு எழுந்துவிடும். புதியது ஏழு நாள் ஒழுங்காக ஓடினால்தான் அதை நிலையாக்குவாள். அப்போதும் பழையதை அழிக்கமாட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் ஒரு வாரம் சோதனையில வெச்சிருந்தா," என்பார் அப்பா. "பழைய ஆள அழிச்சாளான்னு இன்னிவரைக்கும் தெரியல."

அம்மா சிரிக்கமாட்டாள். "நீங்க இன்னும் நிலையாகல," என்பாள்.

ஒவ்வொரு படிக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. நீல அட்டை, நூல் கட்டிய பென்சில். கட்டத்தில் நேரம், அதன் பக்கத்தில் "பார்த்தேன்". கண்ணால் காணாததற்கு அந்தச் சொல்லை எழுதியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெளி நிறுவனம், தொலைவிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டதாக ஒரு பட்டியல் அனுப்பியது. சும்மா ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். "பாத்தவங்க போடட்டும்," என்று பட்டியலைத் திருப்பித் தள்ளினாள். அவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தில் நிறைய வேலை நடந்ததாக அம்மா வீட்டில் சொன்னாள்.

அந்த வியாழன் பெரியவளின் முறை. அழைப்புகளைச் சின்னவள் பக்கம் திருப்பிவிட்டு, பெரியவளை அணைத்து எழுப்பினார்கள். விசிறிகள் இரைந்தன. திரை நெடுநேரம் கறுப்பாகவே இருந்தது. அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரிந்திருக்காது. எழுந்தது. ஓடும் கர்னலின் எண்ணைக் கேட்டுப் பார்த்து, 11.06, புதியது ஓடுகிறது, பார்த்தேன் என்று எழுதினாள். நிலையாக்குவதற்கான கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் "அடுத்த வியாழன்" என்று குறித்தாள். பிறகு சாப்பிடப் போனார்கள்.

ஞாயிறு காலை அம்மா வீட்டு வாசல் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்து சொன்னபோது மகள், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவர் இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, மேலாளர் போன் செய்தார். வந்தால் நல்லது என்றார். சர்வர் அறையில் வெளி நிறுவனத்திலிருந்து ஒருவர் அம்மாவின் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பொறுப்பு இனி அவர்களுடையது. நீலப் பதிவேடு திறந்திருந்தது.

"அம்மா மேல எனக்கு மரியாதை உண்டு," என்றார் மேலாளர். "ஆனா புதுசு ஓடுதுன்னு எழுதியிருக்காங்க. இங்க ஓடறது பழசு. கடைசியா ஒருதடவ… பாக்காமயே எழுதிட்டாங்களோ?"

அம்மாவைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிடிவாதக்காரி, வாய்த்துடுக்கு, எல்லாம் உண்மை. இது ஒன்றை மட்டும் மகளால் அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. நடுவில் மின்சாரம் நின்றதா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்ற மேலாளர், யோசித்து, செவ்வாய்க்கிழமை யூபிஎஸ் பேட்டரி மாற்றியபோது பெரியவள் ஒரு நிமிடம் அணைந்ததாகவும் சின்னவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

எந்தெந்த நேரத்தில், எந்தக் கர்னலோடு எழுந்தது என்று சர்வரே எழுதி வைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதைக் கேட்கும்படி நாற்காலிக்காரரிடம் சொன்னாள். படிக்கவும் சொன்னாள். பதிவேட்டை அருகே இழுத்து, நூல் பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"வியாழன், பதினொண்ணு ஆறு. புது எண்," என்று படித்தார் அவர். மகள் 11.06-இன் கீழே புள்ளி வைத்தாள். "செவ்வாய், மூணு நாற்பது. பழைய எண்." அவர் நிமிர்ந்தார். "ஒரு தடவைக்குன்னுதான் வெச்சிருக்காங்க சார். பவர் போனதும் பழசுக்குத் திரும்பிடுச்சு. நிலையாக்க நாள் வரல."

மேலாளரின் தோள்கள் தளர்ந்தன. அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கட்டம் காலியா விட்டதில்ல. இது ஒண்ணுதான். புதுச இன்னிக்கே நிலையாக்கிடலாம். போன வியாழன் தேதியப் போட்டு நான் முடிச்சு வெச்சிடறேன். அவங்க பேருக்கு நல்லதுதானே."

"அவங்க பாக்கல சார்."

"யாரும்மா கேக்கப் போறா?"

மகள் காலிக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். பேனா அவள் விரல்வரை வந்து நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.