லால்குடி ஷெட்டைத் தாங்கிப் பிடித்தவன்

ஓர் இரும்புக் கட்டிடம் விழாமல் நிற்பதற்கு நான்தான் காரணம் என்று சிறுவயதில் ஒரு மதியம் நம்பியிருக்கிறேன். இன்று ஊர் ஊராகப் போய் இரும்பு ஷெட் நிறுத்துவதுதான் என் பிழைப்பு. அன்று என் அலறலைக் கேட்டவர்கள் யாரும் என்னிடம் வேலை கொடுக்கமாட்டார்கள்.

எங்கள் குடும்பத் தொழில் ஸ்ரீரங்கத்தில் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லுமாகத் தொடங்கியது. பிறகு சைக்கிள் ஸ்டாண்டு, மாட்டுக் கொட்டகை. அப்பாவுக்கு வெல்டிங்தான் வேதம். பற்றவைத்ததைப் பிரிக்க வேண்டுமானால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி. அவருடைய தம்பி, என் சித்தப்பா, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவர். தூணையும் உத்தரத்தையும் பட்டறையிலேயே செய்து, துளை போட்டு, லாரியில் ஏற்றி, போன இடத்தில் போல்ட் மாட்டி நிறுத்திவிடலாம் என்றார்.

"பொம்மை வீடு மாதிரி மாட்டிட்டு வரச் சொல்றியா?"

"பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தாண்ணே செய்யறான்."

"அவன் விழுந்தா எந்திரிச்சுக்குவான். நாம விழுந்தா?"

மாதக்கணக்கில் இதே பேச்சு. கடைசியில் லால்குடியில் ஒரு ரைஸ் மில்காரர், நெல் மூட்டை அடுக்க அப்படியொரு ஷெட் வேண்டுமென்று வந்தார். இது நின்றால் தொழில் தம்பி சொல்கிற வழியில் போகட்டும், இல்லாவிட்டால் மறுபடியும் கேட்டும் கிரில்லும்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். நிற்காவிட்டால் மஸ்கட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சித்தப்பாவும் சொல்லிவிட்டார். அவர் போய்விட்டால் என்னைச் சைக்கிளில் வைத்துக் காவிரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. ஆகவே ஷெட் நிற்க வேண்டும் என்று நான் சமயபுரத்தம்மனிடம் சொல்லிவைத்திருந்தேன்.

பள்ளி விடுமுறையில் என்னையும் லால்குடிக்குக் கூட்டிப்போனார்கள். தூண்கள் நின்றிருந்தன, மேலே உத்தரங்களும் ஏறியிருந்தன. கூரைத் தகடு மட்டும் பாக்கி. நாலு பக்கமும் கம்பிக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அதில் ஆட்களின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்ததால் கொடிக்கயிறு என்றே நினைத்தேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சித்தப்பா கிரேன்காரரோடு டீசல் வாங்கப் போயிருந்தார். அப்பாவும் மில்காரரும் ஆபீஸ் வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கை சும்மா இருக்காது. தூணில் என் உயரத்துக்கு ஒரு போல்ட் இருந்தது. அதன் நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரித் திரும்பியது. அடுத்த தூணுக்கு ஓடினேன். அதுவும் திரும்பியது. மூன்றாவதும் அப்படியே. தலைக்கு மேலே இருந்த இரும்பையெல்லாம் ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். உடனே, மூளை உள்ள எந்தப் பையனும் வெளியே ஓடியிருப்பான். நான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, சீக்கிரம் வாங்க. ஷெட் விழப்போகுது. நான் புடிச்சிருக்கேன்."

வெயிலில் காய்ந்த இரும்பு வயிற்றைச் சுட்டது. ஆனாலும் விடவில்லை. லால்குடி மொத்தமும் என் கையில் இருந்தது.

முதலில் வந்தவர் மில்காரர். நட்டைத் தொட்டுப் பார்த்தார். திரும்பியது. அவர் முகமும் மாறியது.

"என்னங்க இது, பையன் சொல்றது சரிதான் போலிருக்கே. விரலால சுத்துதுங்களே."

அப்பா ஒரு நட்டைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் திருப்பிப் பார்த்தார்.

"அது அப்படித்தாங்க விடறது" என்றார்.

"விழுந்துட்டா?"

அப்பா போய், ஆபீஸ் வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து ஷெட்டுக்கு நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் மோர் கிடைக்குங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ தூணை விடுடா. அது நிக்கும்."

மில்காரர் வெளியிலேயே நின்றார். மோர் கொண்டுவந்த ஆளும் உள்ளே காலை வைக்காமல், உடம்பை வளைத்துக் கையை நீட்டித்தான் கொடுத்தான். அப்பா அதை வெகுநேரம் குடித்தார்.

சித்தப்பா வந்து இறங்கியதும் மில்காரர் பிடித்துக்கொண்டார். "நட்டெல்லாம் சுத்துதேன்னு கேட்டேன். அது அப்படித்தான் விடறதுன்னு உங்க அண்ணன் சொன்னாரு."

சித்தப்பா நாற்காலியைப் பார்த்தார், அதில் இருந்தவரைப் பார்த்தார். "ஆமாங்க, இனிமேதான் டைட் வைக்கணும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அப்பா எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்.

சாயங்காலம் வேனில் ஸ்ரீரங்கம் திரும்பினோம். கொள்ளிடம் பாலத்தில் போகும்போது அப்பா, டிரைவருக்குக் கேட்காத குரலில் சித்தப்பாவிடம் கேட்டார்.

"ஏன்டா, அந்த நட்டையெல்லாம் ஏன் அப்படி விட்டே?"

"ஒண்ண முதல்லயே இறுக்கிட்டா அடுத்தது துளைக்கு நேரா வராதுண்ணே. எல்லாம் நின்னப்புறம், தூக்குக்குண்டு விட்டு நேர் பாத்துட்டுத்தான் முடுக்கணும். அதுவரைக்கும் கம்பிக் கயிறு புடிச்சுக்கும்."

"ம்" என்றார் அப்பா.

எங்கள் கணக்கு வாத்தியாரும் இப்படித்தான், விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பார். சித்தப்பா சரியாகப் பதில் சொல்லிப் பாஸாகிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் மஸ்கட்டுக்குப் போகவில்லை. ஷெட் இன்னும் நிற்கிறது.

அன்று நாற்காலியில் உட்கார்ந்தபோது, நட்டை அப்படித் தளர விடுவதுதான் முறை என்று அப்பாவுக்குத் தெரியாது.