வெயில் நாளில் மூடிய துறைமுகம்

தாகோபெர்த்தோ சிகுவாய் எங்கள் படகு கம்பெனிக்கு வேலைக்கு வந்தபோது அவரை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால், பழைய லைஃப் ஜாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்த அறையைக் கொடுத்தார்கள். ஜாக்கெட்டுகளை அவர் அகற்றச் சொல்லவில்லை. அவற்றுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு விறகடுப்பு. டிக்கெட் கொடுக்கும் எனக்கும் அவருக்கும் இடையே ஒரு பலகைச் சுவர்தான். அவர் நாற்காலியை நகர்த்தினால்கூட எனக்குக் கேட்கும்.

மனைவி ரூத் அவரை விட்டுவிட்டுத் தூரத்து நகரமான கொன்செப்சியோனுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றுமில்லை. சண்டையென்று ஏதாவது நடந்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருப்பார்கள். ஒரு கோடையில் அக்காவைப் பார்க்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள், அவ்வளவுதான். காலையில் அவர் வந்து எனக்கு வணக்கம் சொல்வதற்குமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். முந்தைய நாள் மாலை என்னிடம் விடைபெற்ற பிறகு அந்தத் தொண்டை யாரோடும் பேசியிருக்காது என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய வேலை இதுதான். வடக்குக் காற்று வலுத்தால் துறைமுகத்தை மூடுவார்கள். அந்தத் தகவலை அவருடைய நிரல் துறைமுக அலுவலகத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுக்கும்; மூடியிருந்தால், மறுநாள் படகு இல்லை என்று கெலுவே தீவிலுள்ள எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பும். நிரல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கருப்புத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய கட்டளைகள். அது வருவதற்குமுன் தீவுக்காரர்கள் மழையில் இறங்குதுறையில் நின்று, வராத படகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மாத்தே தேநீர் குடிக்க அவர் அறைக்குள் போனேன். திரையில் துறைமுகம் மூடப்பட்டதாக ஒரு வரி. வெளியே பளீரென்று வெயில்.

"என்ன தோன் தாகோ, மூடிட்டாங்களா?" பெரியவர்களை எங்கள் ஊரில் மரியாதையாகத் தோன் என்றுதான் கூப்பிடுவோம்.

"இல்ல சில்வானா, இது பொய். நான் பண்ணின பொய்."

"கம்பெனில சம்பளம் வாங்கிக்கிட்டு பொய் சொல்றீங்களா?"

அவர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். "நிரல் சரியா ஓடுதான்னு பாக்கணும்ல? அதுக்காக துறைமுக ஆபீஸுக்குப் போய், 'சார், எனக்காக ஒரு தடவ புயல் வந்த மாதிரி சொல்லுங்க'ன்னு கேக்க முடியுமா? தீவு முழுக்க சும்மா செய்தி அனுப்பித்தான் பாக்க முடியுமா?"

"முடியாதுதான்."

"அதான் போலிக் கட்டளை. நெசக் கட்டளைக்கு என்ன பேரோ அதே பேர்ல ஒரு குட்டிக் கோப்பு எழுதி, தனி ஃபோல்டர்ல போட்டுருவேன். கணினி ஒரு பேரக் கேட்டா வரிசையா ஃபோல்டர் ஃபோல்டராத் தேடும். எம்ஃபோல்டர மொதல்ல வெச்சுட்டா, என் போலிதான் கையில மாட்டும். துறைமுகத்தப் பாக்கற போலி 'மூடியாச்சு'ன்னு சொல்லும். செய்தி அனுப்பற போலி, அனுப்புன்னு சொன்னா அனுப்பாது. 'இன்னாருக்கு இன்ன செய்தி அனுப்பச் சொன்னாங்க'ன்னு எழுதி வெச்சுக்கும். அவ்வளவுதான்."

"உங்க நிரல் அத நம்பிடுமா?"

"பாவம், நம்பிடும்."

இப்படி இரண்டு குளிர்காலம் ஓடியது. அவர் அனுப்பிய செய்தி ஒருதடவைகூடப் பொய்த்ததில்லை. படகு இல்லையென்று வந்தால் தீவில் ஜன்னலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

மார்ச் மாதத்தில், கோடை முடிந்து உருளைக்கிழங்கு அறுவடை நேரத்தில், தீவுக்குப் போன எங்கள் படகு காலியாகத் திரும்பியது. படகோட்டும் கப்பித்தான் ஊர்பானோ என் ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.

"தீவுல ஆளுங்க எல்லாம் செத்துட்டாங்களா? எறங்குதொறைல ஒரு நாய்தான் நின்னுச்சு. அதுவும் டிக்கெட் கேக்கல."

அதற்குள் போன் அடித்தது. தீவிலிருந்து ஒரு பெண். "ஏம்மா சில்வானா, படகு இல்லன்னு நேத்து செய்தி வந்துச்சே, இப்ப படகு சத்தம் கேக்குதே?"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

முந்தைய நாள் பிற்பகலில் அவர் சோதனை ஓட்டியிருக்கிறார். பெயர்கள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க, உண்மையான பயணிகளின் எண்களையே கொடுத்திருக்கிறார். எப்படியும் போலிதானே கையில் மாட்டும் என்ற தைரியம். ஆனால் அந்தக் கோடையில் நிரல் தானாக ஓடும்போது, செய்தி அனுப்பும் கட்டளையைக் காணோம் என்று முரண்டு பிடித்திருக்கிறது. அவசரத்தில் அந்த ஒரு வரியில் மட்டும் கட்டளை கணினியில் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் எழுதிவைத்திருந்தார். முழு முகவரி இருந்தால் கணினி எந்த ஃபோல்டரையும் தேடாது. நேரே நிஜத்திடமே போய்விடும். துறைமுகம் மூடியதாகச் சொன்னது போலி. அதை நம்பித் தீவு முழுக்கச் செய்தி அனுப்பியது நிஜம். ஓட்டம் பிழையில்லாமல் முடிந்ததால் எல்லாம் சரியென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் உள்ளே போனபோது, போலிக் கட்டளை எழுதிவைக்கும் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வரிகூட இல்லை.

"இத யாரும் கூப்பிடவே இல்ல சில்வானா," என்றார். "முன்னாடியே தொறந்து பாத்திருக்கணும். கூப்பிட்டாங்களான்னு பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

மேலாளர் கத்திவிட்டு, மன்னிப்புச் செய்தி ஒன்று அனுப்பினால் போதும் என்றார். தாகோ கேட்கவில்லை. அடுத்த படகில் தானே தீவுக்குப் போனார். அவருக்கு நீரைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். இத்தனை நாளில் படகில் ஏறியதே இல்லை. துணைக்கு நானும் போனேன்.

இறங்குதுறையில் மூட்டைகளோடு நின்றவர்கள் விஷயம் தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

"நல்ல வெயில்ல பொயலடிக்க வெச்ச மகராசன் நீதானா?"

"ஒரு மழையும் அனுப்பு ராசா, கெழங்கு நட்டப்புறம் எப்பன்னு சொல்றேன்!"

"எம்மாமியார் அன்னைக்குக் கெளம்ப வேண்டியவ. உன்னால இன்னும் வீட்ல ஒக்காந்திருக்கா. அவள நீ கூட்டிட்டுப் போ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் ஒவ்வொருவரிடமும் தலைகுனிந்து, "தப்பு என்னோடது" என்றார். சிரிப்பு அடங்கியபின் ஒருத்தி, "எங்கள விடு. அபெலினோவப் போய்ப் பாரு. அவருக்குத்தான் கண்ணு போச்சு," என்றாள்.

அபெலினோ பர்ரியா குன்றின் மேல் தனியாக இருந்தார். கஸ்த்ரோ நகர ஆஸ்பத்திரியில் கண் அறுவைக்கு அவருக்கு அன்றைக்குத்தான் நாள் குறித்திருந்தார்கள். வராததால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். கதவைத் திறந்து, எங்கள் இருவருக்கும் நடுவே வெறும் காற்றைப் பார்த்தபடி நின்றார். தாகோ நடந்ததைச் சொன்னார். போலி, நிஜம், முழு முகவரி எல்லாவற்றையும் சொன்னார்.

கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல," என்றார். "இவ்ளோ தூரம் வந்திருக்க. கெழங்கு ரொட்டி இருக்கு. தின்னுட்டுப் போ."

தாகோ ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "மறுபடி நாள் குடுக்கும்போது நான் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"ஒனக்கு வேற வேல இல்லயா?"

"இல்ல," என்றார் தாகோ. உண்மையைத்தான் சொன்னார்.

முழு முகவரியை அந்த வாரமே நீக்கி, கட்டளை இருக்கும் ஃபோல்டரைத் தேடும் வரிசையில் சேர்த்துவிட்டார். அதன்பிறகு சோதனையில் தன் எண்ணைத் தவிர வேறு எண் வைப்பதில்லை. போலியை யாராவது கூப்பிட்டார்களா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பார்க்கவும் ஒரு வரி சேர்த்தார். அந்தச் சோதனைகளைவிட அவரை அதிகம் மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகள்தான். குமட்டலை அடக்கிக்கொண்டு படகேறுவார். கிழவருக்கு விறகு பிளந்து கொடுப்பார். இருவரும் அடுப்பருகே உட்கார்ந்திருப்பார்களாம். பெரிதாகப் பேச்சு ஒன்றுமில்லை என்பார். ஆனால் திங்கட்கிழமை காலை தொண்டையைச் செருமாமல் எனக்கு வணக்கம் சொல்வார்.

குளிர்காலம் முடியும்போது ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது. தாகோதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கட்டவிழ்த்த கையோடு கிழவரை என் டிக்கெட் ஜன்னலுக்கு அழைத்து வந்தார். அபெலினோ அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அட, நீ இவ்ளோ கெழவனா? கொரலக் கேட்டுட்டு யாரோ சின்னப்பயன்னு வெறகெல்லாம் பொளக்க விட்டேனே!"

படகுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். தாகோ வெட்கத்தோடு நரைத்த தலையைத் தடவிக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

பார்வை வந்ததும் கிழவரின் மகள் தூரத்து ஊரான கொய்ஹைக்கேயிலிருந்து வந்தாள். அப்பா இனித் தனியாக இருக்க வேண்டாம் என்றாள். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆடுகளை விற்றார்கள், ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். தாகோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை போனார்.

"நீயும் வாயேன்," என்றாராம் அபெலினோ. "அங்க வெறகுக்குப் பஞ்சமில்ல."

"வேல இருக்கு தோன் அபெலினோ."

அடுத்த ஞாயிறு அவர் படகேறியதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று கேட்டேன். கூரை ஒழுகுகிறதா பார்க்க வேண்டும் என்றார். மாலையில் திரும்பியபோது படகில் அவர் ஒருவர்தான். "மேல வாங்க, அடுப்பு இருக்கு, மாத்தே இருக்கு" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை என்றார் ஊர்பானோ. கீழே, கார்கள் நிற்கும் தளத்தில், ஈரச் சங்கிலிகளுக்குப் பக்கத்தில் கைகளைச் சட்டைப்பையில் விட்டபடி கடைசிவரை நின்றுகொண்டே வந்தாராம்.