கலாதேவியின் இரண்டாவது ஓலை

பெட்டியைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டியைக் கலாதேவி வெட்டமாட்டார். நகத்தால் நெம்பிக் கழற்றி, நீவிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்துக் கிடங்கு ஒன்றில் பொதி பிரிக்கும் வேலை. யாழ்ப்பாணத்தில் பனையோலையில் கூடை பின்னியவர்; ஓலைக்கு இங்கே எங்கே போவது? இடைவேளைகளில் அந்தப் பட்டிகள்தான் கூடையாகும். "கை சும்மா இருக்க ஏலாது" என்பார். என் வீட்டிலேயே நான்கு கூடைகள். வேண்டாமென்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் சேர்ந்து ஜன்னலில் வைஃபை பெட்டி மாட்டி, மூன்று வீட்டு இணையத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். எல்லாம் எங்கள் தமிழ்ச் சங்க அறையிலுள்ள பெரிய பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். அமைத்தவர் சென்னைக்காரர் கோவிந்தராஜன், மென்பொருள் பொறியாளர். 2005 வைகாசியில் அந்தப் பெட்டி இரண்டு ஞாயிறு தொடர்ந்து படுத்துவிட்டது.

ஞாயிறுதான் யாழ்ப்பாணத்தில் தங்கை குணேஸ்வரி இரண்டு பஸ் மாறி வந்து, கம்ப்யூட்டர் கடையில் அரைமணி நேரம் அக்காவோடு பேசுவாள். "ரெண்டு தரமும் என்ரை முகத்தைக் காணாமல் திரும்பிப் போட்டாள்" என்று சொல்லும்போது கலாதேவிக்குக் குரல் உடைந்தது.

சங்கக் கூட்டத்தில் பாதி பின்னிய கூடையை மேசையில் வைத்தார்.

"இஞ்சை பாருங்கோ தம்பி. ஓலை முடிய முதலே அடுத்த ஓலையைச் செருகி, ரெண்டையும் சேர்த்துப் பின்னோணும். நீங்கள் அறுந்தாப்பிறகு தேடுறியள்."

"அக்கா, கூடை வேற, நெட்வொர்க் வேற" என்று சிரித்தார் கோவிந்தராஜன்.

"என்ன கண்டறியாத வேறை! ஒவ்வொரு பெட்டியும் பக்கத்திலை ரெண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும். ஒண்டு விட்டாலும் மற்றது கிடக்கும்."

கோவிந்தராஜன் தலையைச் சொறிந்தார். ஆனால் மனுஷன் நல்லவர். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அப்படியே மாற்றினார். இருந்தாலும் முழு நம்பிக்கை வராமல், "பெரிய பெட்டிய மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றும் சொல்லிவைத்தார்.

அடுத்த ஞாயிறு சங்க அறையில் மடிக்கணினித் திரையில் குணேஸ்வரி பேசிக்கொண்டிருந்தாள். கலாதேவி எழுந்து போய்ப் பெரிய பெட்டியின் மின்கம்பியை உருவினார்.

"ஐயோ அக்கா, லைன்ல இருக்காங்களே!" என்று பதறினார் கோவிந்தராஜன்.

திரையில் முகம் அசையாமல் நின்றது. எனக்கு ஆத்திரம். சோதிக்க வேறு நாள் கிடைக்கவில்லையா இவருக்கு?

பிறகு, பக்கத்து வீட்டுப் பெட்டி இணைப்பைப் பிடித்துக்கொள்ள, முகம் அசைந்தது. "ஏனக்கா எழும்பிப் போனனீங்கள்? கேக்குதோ?"

"ஓம், கேக்குது. நீ சொல்லு."

அரைமணி நேரமும் பேசினார்கள். உருவிய கம்பி கலாதேவியின் மடியிலேயே கிடந்தது. விரல்கள் அதை நீவிச் சுருட்டிக்கொண்டிருந்தன. பேச்சு முடிந்ததும், கோவிந்தராஜன் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.